பதினேழு டிகிரி

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். பதிலை அவளுக்கே தனியாக எழுது. என் வழியாகப் போனால் நான் பாதியை மறைக்கிறேன் என்கிறாள்.

இந்தக் கடிதத்தோடு ஐஸ் பெட்டியில் இரண்டு குப்பிகள் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமலே நீ தவளைகளுக்குக் கொடுத்துவிடுவாய். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் மலைத் தவளைகளைக் கொல்லும் வைரஸில் ஏறக்குறைய நூறு ஜீன்கள். அவற்றில் எது இல்லாவிட்டால் வைரஸ் பெருக முடியாது, எது இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளும் என்று பார்ப்பதுதான் நான்கு வருடமாக என் வேலை. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்ப்போம். நாங்கள் 'மேஸ்திரி' என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் ஒன்றை எடுத்ததும் வைரஸ் நின்றுவிட்டது. செல்லுக்குள் நுழைகிறது, தன் உதிரிபாகங்களை எல்லாம் செய்கிறது, ஆனால் அவற்றைக் கோத்து முழு வைரஸாக்க முடியவில்லை. கட்டுமான இடத்தில் கல்லும் மணலும் குவிந்து கிடந்து, வேலை வாங்க ஆளில்லாததுபோல. மேஸ்திரியை வெளியிலிருந்து கொடுக்கும் செல்களைத் தனியாகத் தயார்செய்து வைத்திருக்கிறோம். அவற்றில் மட்டும்தான் இது வளரும். தவளைக்குள் போனால் மலடு. தவளையின் உடம்பு எதிரியின் முகத்தை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வைரஸ் பெருகினால் தட்டில் விரித்திருக்கும் செல்களில் ஓட்டை விழும். முப்பது டிகிரியில் மூன்று நாள் வைத்து, ஊதாச் சாயம் ஊற்றி எண்ணினேன். இருபது தட்டில் ஓர் ஓட்டைகூட இல்லை. ஆறு முறை செய்துவிட்டேன்.

பத்துத் தவளைக்கு மட்டும் கொடு. தனித் தொட்டி, தனி வலை, தனிக் கையுறை. எங்கள் ஆய்வகத்தை நடத்தும் மேடமும் உங்கள் தவளைக் காப்பகக் கண்காணிப்பாளரும் கையெழுத்துப் போட்டிருப்பது பத்துக்குத்தான்.

போன வருடம் கீழ்க் குளத்தில் அத்தனை தவளைகளும் செத்தது எப்படி என்று மூன்று கடிதமாகக் கேட்கிறேன். நீ எழுதவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை


ஜூன் 13

கோட்டானுக்கு,

அண்ணன் எழுதுவது. முட்டியைத் தவிர மற்றதெல்லாம் நலம். நேரில் வந்தால் நாலு வார்த்தை பேசமாட்டாய், கடிதத்தில் நாலு பக்கம். உனக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்ததற்காக நான் இதுவரை வருத்தப்பட்டதில்லை.

பெட்டி வந்தது. டிரைவர் அதைப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். "என்னப்பா, உள்ள உயிரோட எதுவும் இருக்கா?" என்றார். "அது உயிரா இல்லையான்னு அவங்களுக்கே இன்னும் முடிவாகலையாம்" என்றேன். அதற்கப்புறம் அவர் பெட்டியைத் தொடவில்லை, நானே இறக்கினேன்.

நீ சொன்னபடியே செய்தேன். ஒரு குப்பியைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்து, பத்துப் பேரையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்தேன். இரண்டு பேர் ஓரத்தில் ஏறித் தப்பிக்கப் பார்த்தார்கள். நான் குளிக்கப் போகும்போது இருக்கும் அதே முகம். பிறகு கடைசித் தொட்டிக்கு மாற்றி, குழாயைப் பிரித்துத் தனி வடிகால் போட்டுவிட்டேன்.

இந்த இனத்தில் மிச்சம் இருப்பது அறுபத்து மூன்று. எல்லாம் இந்தத் தகரக் கூரைக்கு அடியில், பன்னிரண்டு சிமெண்டுத் தொட்டிகளில். இதை நினைத்தால் சில நாள் வால்வைத் திருகவே கை வருவதில்லை. குழாய் போட வந்தவனைக் காவலுக்கு வைத்துவிட்டார்கள்.

கீழ்க் குளத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். முட்டி வலி இல்லை என்று எழுதியிருக்கிறேன். பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 25

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகம். உன் கடிதத்தை மேடத்திடம் பாதி படித்துக் காட்டினேன், குளிக்கும் பகுதியை விட்டுவிட்டு.

அம்மாவுக்கு வலது கண்ணில் அறுவை சிகிச்சை இருபத்தெட்டாம் தேதி. ஒரு வாரம் விடுப்பு எடுக்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது யாராவது தனக்குப் புத்தகம் படிக்க வேண்டும் என்கிறாள். "நீ படி, ஆனா நடுவுல நிறுத்தி யோசிக்காத, எனக்குத் தூக்கம் வந்துரும்" என்று முன்கூட்டியே எச்சரிக்கை.

மேஸ்திரி பற்றிய கட்டுரை முடிந்துவிட்டது. மேடம் அடுத்த மாதம் அனுப்புகிறார். தலைப்பிலேயே 'இன்றியமையாத' என்று போட்டிருக்கிறோம். அந்தச் சொல்லை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

பத்துப் பேரும் சாப்பிடுகிறார்களா? தோலில் சிவப்புப் புள்ளி ஏதாவது தெரிந்தால் உடனே எழுது.

உன் தங்கை


ஜூலை 5

கோட்டானுக்கு,

அம்மா கண் எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்தாயிற்றா? இங்கே நான் நலம், ஆனால் நிலைமை சரியில்லை.

பத்துப் பேரும் ஜோர். வெட்டுக்கிளியைப் போட்டால் சண்டை. ஒரு புள்ளி இல்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை சுற்றுச்சுவருக்கு வெளியே ஓடையில் வேறு ஜாதித் தவளைகள் ஏழு செத்து மிதந்தன. வயிற்றில் அந்தச் சிவப்பு. நான் பார்த்தவுடனே திரும்பிவிட்டேன், கிட்டப் போகவில்லை. சுவரிலிருந்து என் கொட்டகைக்கு முப்பது அடி.

கண்காணிப்பாளர் மேலே வருவதை எல்லோருக்கும் தடை செய்துவிட்டார். நான் கொட்டகைக்குள்ளேயே கட்டில் போட்டுக்கொண்டேன். வெளியே போவதில்லை, யாரும் உள்ளே வருவதில்லை. சாப்பாடு கதவடியில் வருகிறது. என் கடிதங்களுக்கு ப்ளீச்சிங் தண்ணீர் தெளித்து அனுப்புகிறார்கள், மை கசிந்தால் கோபித்துக்கொள்ளாதே. தொலைபேசி கீழே அலுவலகத்தில்தான், அதுவும் கண்காணிப்பாளர் மேசைமேல். அவசரம் என்றால் அங்கே சொன்னால் மணியடித்து எனக்குச் சேதி கத்துவார்.

மற்ற ஐம்பத்து மூன்று பேருக்கும் மருந்து வேண்டும். அனுப்பு. நீ சரி என்று சொன்னால் எனக்குப் போதும், வேறு எந்தக் கையெழுத்தும் பார்க்கமாட்டேன்.

அண்ணன்


ஜூலை 11

அன்புள்ள அண்ணா,

அம்மாவின் கட்டுப் பிரித்தாயிற்று. முதலில் என்னைப் பார்த்து, "இவ்வளவு கறுத்துட்டியா?" என்றாள். அதனால் பார்வை நன்றாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே மேடத்திடம் போனேன். "பத்தும் நல்லா இருக்குல்ல? அப்புறம் என்ன, சுவர் வரைக்கும் வந்த பிறகு எதுக்குக் காத்திருக்கணும்? குடுத்துடு" என்றார். கண்காணிப்பாளரிடமும் பேசிவிட்டார். ஐந்து குப்பிகள் இன்று வண்டியில் ஏறுகின்றன. முன்பு செய்த அதே அளவு, அதே ஒரு மணி நேரம்.

நீ தனியாகக் கொட்டகையில் இருப்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஜாக்கிரதையாக இரு.

உன் தங்கை


ஜூலை 14

அண்ணா,

நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

கொட்டகையில் தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி? எழுது. பகலிலும் இரவிலும் எவ்வளவு மாறும் என்றும் எழுது.

குப்பிகளைக் குளிர்பெட்டியில் வைத்தால் கெடாது. அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டும் என்பதில்லை.

தங்கை


ஜூலை 19

கோட்டானுக்கு,

அண்ணன் நலம். உன் கடிதம் நேற்று வந்தது. அரைப் பக்கம். உடம்பு சரியில்லையா? அரைப் பக்கத்தில் நீ கையெழுத்துக்கூடப் போட்டதில்லையே.

தண்ணீர் பதினேழு டிகிரி. போன கோடையில் குளிரூட்டி நின்ற இரண்டு நாளைத் தவிர, கொட்டகை கட்டிய நாளிலிருந்து பதினேழுதான், பகலிலும் இரவிலும். அரை டிகிரி ஏறினால் எனக்கு மணி அடிக்கும். குளிரூட்டியை நானே பூட்டினேன்.

அவசரமில்லை என்று எழுதியிருந்தாய். ஐம்பத்து மூன்று பேருக்கும் பதினாறாம் தேதியே கொடுத்துவிட்டேன். குப்பி வந்த மறுநாள். சுவருக்கு வெளியே சாவு கிடக்கும்போது குளிர்பெட்டியில் மருந்தை வைத்துக்கொண்டு எவனாவது உட்கார்ந்திருப்பானா?

கொடுத்து முடித்ததும் ஒரு வருடத்துக்கு அப்புறம் மூச்சு நிம்மதியாக வந்தது. அதனால் இப்போது சொல்லிவிடுகிறேன். கீழ்க் குளத்தில் செத்தது நூற்று நாற்பது. ஓடையில் பம்பு ரிப்பேர் பார்த்தேன். அங்கே போட்டிருந்த ரப்பர் குழாயை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்து கீழ்க் குளத்தில் தண்ணீர் விட்டேன். காயவைக்க வேண்டும், ப்ளீச்சிங்கில் ஊறவைக்க வேண்டும். ஊறவைக்கும் தொட்டிக்கு நூறு அடி நடக்க வேண்டும், மழை வருவதுபோல இருந்தது. அவ்வளவுதான் காரணம். ஒன்பதாம் நாள் மிதக்க ஆரம்பித்தன. அறிக்கையில் மழை வெள்ளம் வழிந்து வந்தது என்று எழுதினேன். நம்பிவிட்டார்கள். இது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

பத்துப் பேரில் ஒருத்தன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. தொடையில் லேசான சிவப்பு. சிமெண்டில் உரசியிருப்பான்.

அண்ணன்


ஜூலை 23

அன்புள்ள அண்ணா,

காலையில் கண்காணிப்பாளரிடம் தொலைபேசியில் சொன்னதைத்தான் விவரமாக எழுதுகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் நீ வேலையைத் தொடங்கியிருப்பாய்.

உரசல் இல்லை. அது வைரஸ், நான் அனுப்பியது.

மேஸ்திரி இல்லாமல் வைரஸ் பெருகாது என்று முப்பது டிகிரியில் பார்த்தேன். எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் முப்பதில்தான் பார்ப்பார்கள், செல்கள் நன்றாக வளரும், மூன்று நாளில் விடை வந்துவிடும். பதினேழில் யாரும் பார்த்ததில்லை. பதினேழில் மேஸ்திரி தேவையில்லை. குளிரில் எல்லாம் மெதுவாக நடக்கிறது, உதிரிபாகங்கள் தாங்களாகவே சேர்ந்துகொள்கின்றன. நாளாகும், ஆனால் கட்டி முடித்துவிடுகின்றன. ஐந்து சூட்டில் தட்டுகள் வைத்தேன். பத்தாம் நாளான இன்று பதினேழிலும் இருபதிலும் ஓட்டைகள். இருபத்து மூன்றில் ஒன்றிரண்டு. இருபத்தாறிலும் முப்பதிலும் சுத்தம்.

ஆகவே தொட்டிகளை இருபத்தாறுக்குக் கொண்டுபோ. அங்கே அது மறுபடி மலடாகும். பதினான்கு நாள் அப்படியே நிறுத்து. உன் தவளைகள் இருபத்தாறைத் தாங்குமா என்பது எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

மேடத்திடமும் சொல்லிவிட்டேன். இன்றுதான் உறுதியானது.

குழாயைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதற்கு இன்று பதில் எழுத என்னால் முடியவில்லை.

சாப்பிடு, தூங்கு.

உன் தங்கை


ஆகஸ்ட் 1

கோட்டானுக்கு,

உயிரோடு இருக்கிறேன், முட்டி உட்பட.

இருபத்து மூன்றாம் தேதி காலை பதினொரு மணிக்கு மணி அடித்தது. கண்காணிப்பாளர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கத்தினார். "உன் தங்கச்சி கூப்பிட்டுச்சுய்யா! தண்ணிய சூடு பண்ணணுமாம்! இருபத்தாறு!" நான், "யாரு சொன்னா?" என்று மூன்று முறை கேட்டேன். பதினேழுக்காக ஒரு வருடம் காவல் காத்தவனிடம் வந்து சூடாக்கு என்றால் எப்படி இருக்கும்?

இருபத்தாறு தாங்குவார்கள். போன கோடையில் குளிரூட்டி நின்றபோது இரண்டு நாள் இருபத்தேழு வரைக்கும் போய்த் திரும்பினார்கள். இருபத்தெட்டைத் தொட்ட ஒரு தொட்டியில் மட்டும் சாக ஆரம்பித்தார்கள். ஆக எனக்குக் கிடைத்த இடம் இரண்டு டிகிரிக்கும் குறைவு.

குளியலறை பாய்லரிலிருந்து வெந்நீர்க் குழாயை இழுத்து, பன்னிரண்டு தொட்டிக்கும் தண்ணீர் அனுப்பும் அடித்தொட்டிக்குள் சுருளாகச் சுற்றி விட்டேன். செம்புக் குழாய்தான் கையில் இருந்தது, ஆனால் செம்பு பட்ட தண்ணீர் தவளைக்கு விஷம். சமையல்கட்டிலும் குளியலறையிலும் இருந்த எஃகுக் குழாயை எல்லாம் கழற்றித் தரச் சொன்னேன். கண்காணிப்பாளர் உட்பட எல்லோரும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி. இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் இருபத்தாறைத் தொட்டோம். எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்கின. காற்றுக் குழாயைக் கூட்டினேன். இருபத்தெட்டாம் தேதி ஒரு வால்வு ஒட்டிக்கொண்டு, பார்க்கும்போது முள் இருபத்தேழரை. வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

முதல் பத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். ஐம்பத்து மூன்றில் இரண்டு. இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

அம்மாவிடம் ஏதாவது சொல்லிவை. கடிதம் எழுத நேரமில்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம். நீ குழாய் வேலையில் மும்முரமாக இருப்பதாகச் சொன்னேன். பொய் இல்லை.

உன் கணக்கைப் படித்தேன். ஐந்து, இரண்டு. பிறகு அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வேலை செய்தேன்.

கட்டுரையைத் திரும்ப வாங்கியாயிற்று. மேடம் திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "இதுல தப்பு என்னம்மா? சூட்டுல அவசியம், குளிர்ல அவசியமில்ல. இது முன்னத விட நல்ல பேப்பர். தலைப்ப மட்டும் மாத்து" என்று சிரித்தார். ஆய்வக அக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். எல்லோரும் ரொம்ப அன்பாக இருக்கிறார்கள்.

எட்டாம் தேதிக்குப் பிறகு மெதுவாக இறக்கு. ஏற்றியதைவிட மெதுவாக. ஒவ்வொன்றின் தோலையும் பஞ்சால் துடைத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறோம்.

உன் தங்கை


ஆகஸ்ட் 20

தங்கைக்கு,

நலம்.

தொட்டிகள் மறுபடி பதினேழு. பஞ்சு எதிலும் வைரஸ் இல்லை என்று உங்கள் மேடம் நேற்று தொலைபேசியில் சொன்னாராம். கடைசிக் கணக்கு: முதல் பத்தில் மூன்று பேர் மிச்சம். ஐம்பத்து மூன்றில் நாற்பத்தொன்பது. ஆக ஐம்பத்திரண்டு.

கண்காணிப்பாளர் சந்தோஷத்தில் இருக்கிறார். "உன் தங்கச்சி கெட்டிக்காரிய்யா. தன் தப்பத் தானே கண்டுபிடிச்சு, அன்னைக்கே போன் போட்டு அத்தனையும் காப்பாத்திடுச்சு. வேற யாரா இருந்தா மூடி மறைச்சிருப்பான்" என்கிறார். உங்கள் நிறுவனத்துக்குப் பாராட்டுக் கடிதம் எழுதப்போகிறார். நடந்ததை எழுதிக் கொடு என்று என்னிடம் தாளைக் கொடுத்திருக்கிறார். இன்னும் எழுதவில்லை. கதவைத் திறந்துவிட்டார்கள், நான்தான் வெளியே போகாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

பேச்சுவாக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். "உன் தங்கச்சி ஒருத்திதான் விஷயத்த டக்குனு சொல்லுது. சில பேர் கூப்பிட்டுட்டுப் பேசாம வச்சிடறாங்க. போன மாசம் நடுவுல ஒருநாள் காலைல அப்படித்தான், யாருங்க யாருங்கன்னு ரெண்டு தடவ கேட்டேன், மூச்சு மட்டும் கேக்குது" என்றார்.

எனக்குத் தெரிந்து தொலைபேசியில் பேசாமல் மூச்சு விடக்கூடியவள் ஒருத்திதான்.

ஜூலை பதினான்காம் தேதி என்னிடம் தண்ணீரின் சூட்டைக் கேட்டு எழுதினாய். இருபத்து மூன்றாம் தேதிக் கடிதத்தில் 'பத்தாம் நாள்' என்று எழுதினாய். பத்து நாளுக்கு முன்னால் அந்தத் தட்டுகளை ஏன் வைத்தாய்? நான் ஐம்பத்து மூன்று பேரைத் தண்ணீரில் விட்டது பதினாறாம் தேதி.

மழை வெள்ளம் என்று எழுதியவன் இதைக் கேட்கலாமா என்று நீ நினைத்தால் அதுவும் சரிதான். ஆனாலும் கேட்கிறேன். ஒரு தடவைதான் கேட்பேன். அப்போது உனக்குத் தெரியுமா?

அண்ணன்


ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணா,

தெரியும்.

அம்மாவின் கண்ணுக்காக நான் விடுப்பில் போயிருந்தபோது, ஆய்வக அக்காவுக்கு முப்பது டிகிரி இன்குபேட்டரில் இடம் போதவில்லை. என் மிச்சத் தட்டுகள் ஆறை மீன் முட்டைக்கு வைத்திருக்கும் பதினெட்டு டிகிரிப் பெட்டிக்குத் தள்ளியிருக்கிறாள். நான் திரும்பி வந்து உன் குப்பிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தேன், அவற்றை மறந்தேபோனேன். ஜூலை பதின்மூன்றாம் தேதி காலை, "உன் தட்டு பதினாறு நாளா கெடக்கு, கழுவிப் போடவா?" என்று கேட்டாள். பழக்கத்தில் சாயத்தை ஊற்றினேன். வைரஸ் போடாத இரண்டும் சுத்தமாக இருந்தன. மேஸ்திரி இல்லாத வைரஸைப் போட்ட மற்ற நான்கிலும் ஓட்டைகள். பத்தொன்பது, இருபத்திரண்டு, பதினேழு, முப்பத்தொன்று. எண்ணினேன். நின்றுகொண்டு எண்ணினேன்.

குப்பிகள் அப்போது வழியில் இருந்தன.

எங்கள் தொலைபேசி வராந்தாச் சுவரில் இருக்கிறது. என் மேசையிலிருந்து எட்டு அடி எடுத்து வைத்தால் போதும். பத்து மணிக்கு அழைத்தேன். கண்காணிப்பாளர்தான் எடுத்தார். யாருங்க என்று இரண்டு முறை கேட்டார். நான் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்: குப்பிகளைக் கொடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். வைத்துவிட்டேன்.

வேறு வைரஸ் கலந்திருக்கலாம், உறுதியாகாமல் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நல்ல காரணம். எங்கள் தொழிலில் அதைவிட நல்ல காரணம் கிடையாது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல உறுதி தேவையில்லை, சந்தேகமே போதும். என்னிடம் நான்கு தட்டுச் சந்தேகம் இருந்தது. உண்மை என்னவென்றால், அவரிடம் சொன்னால் மேடத்துக்குத் தெரியும், கட்டுரை நிற்கும், நான்கு வருடம் போகும் என்று நினைத்தேன். அதோடு, ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ஓர் அந்நியரிடம் 'நான் தப்புச் செய்துவிட்டேன்' என்று குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். எழுதினால் அந்தச் சொல் வராமலே சமாளிக்கலாம். மறுநாள் அந்த அரைப் பக்கத்தை எழுதினேன். தபால் நான்கு நாள் என்பது எனக்குத் தெரியும். உனக்குக் கொடுக்கும் அவசரம் இருக்கும் என்பதும் தெரியும்.

ஐம்பத்து மூன்றில் இறந்த நான்கும் முழுக்க என்னுடையவை. முதல் பத்தில் எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நாள் முன்னதாகச் சூடாக்கியிருந்தால் ஐந்தோ ஆறோ பிழைத்திருக்கும். அது ஊகம், நான்கு ஊகமல்ல.

மேடத்திடம் பதின்மூன்றாம் தேதியைப் பற்றி நேற்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த நாலு தட்டும் நோட்டுல இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. தேதியோடு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். கட்டுரை என்னவாகும் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

உன் தாளில் இதை அப்படியே எழுது. எனக்காக ஒரு வரியையும் மெத்தென்று ஆக்காதே. உன் குழாயைப் பற்றிய பேச்சு உன்னுடையது. அதைத் தனித் தாளில் எழுதி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், அதை உன்னைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. அதை எப்போது யாரிடம் சொல்வது என்பதில் நான் வாய் திறக்கமாட்டேன்.

இப்போது மணி ஒன்பதே முக்கால். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் வராந்தாவுக்குப் போய் உங்கள் அலுவலகத்தை அழைக்கப்போகிறேன். கண்காணிப்பாளர் யாருங்க என்று கேட்பார். பெயரைச் சொல்லிவிட்டு, இந்தத் தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு, 'தெரியும்' என்பதிலிருந்து 'நான்கு ஊகமல்ல' என்பது வரை படித்துக் காட்டுவேன். குரல் நின்றுபோனால் நிற்கட்டும், வைக்கமாட்டேன்.

இது உன் கைக்கு வரும்போது நான்கு நாள் பழைய செய்தியாக இருக்கும்.

உன் தங்கை